கழுதை முதுகில் வெள்ளீயம்: கானேஷ் வணிகர்கள் பற்றிக் கேள்வி பதில்

துருக்கியில் கைசேரி நகருக்குப் பக்கத்தில் குல்தெபே என்று ஒரு மண்மேடு. நாலாயிரம் வருடத்துக்கு முன் அது கானேஷ். இன்றைய ஈராக்கில் டைக்ரிஸ் கரையில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள் அங்கே வீடு பிடித்துத் தங்கி வியாபாரம் பார்த்தார்கள். அவர்களுடைய கடிதமும் கணக்குமாகக் களிமண் பலகைகள் சுமார் 23,000 கிடைத்திருக்கின்றன. இனி உங்கள் கேள்விகள்.

கடைத்தெரு: அவ்வளவு தூரம் போய் என்னதான் விற்றார்கள்?

முக்கியமாக இரண்டு சரக்கு: வெள்ளீயம், துணி. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவோமே, அந்த ஈயம்தான். செம்போடு அதைக் கலந்தால்தான் வெண்கலம். வேடிக்கை என்னவென்றால் அசூரில் வெள்ளீயச் சுரங்கமே கிடையாது. கிழக்கே ஈரான் பக்கமிருந்து வந்ததை வாங்கி மேற்கே கைமாற்றி விட்டார்கள். ஒரு கழுதை சுமார் 65 கிலோ வெள்ளீயமும் மேலே கொஞ்சம் துணியும் சுமக்கும். ஆயிரம் கிலோமீட்டர், ஏறக்குறைய ஆறு வாரம். வெள்ளீயத்துக்கு இரட்டிப்பு விலை, துணிக்கு மூன்று மடங்கு வரை. போன இடத்தில் கழுதைகளையும் பெரும்பாலும் விற்றுவிடுவார்கள். திரும்பி வருவது வெள்ளியும் தங்கமும்தானே, அதற்கு எதற்கு அத்தனை கழுதை?

படைவீடு: அசீரியப் பேரரசின் படைபலம் இருந்ததால்தான் இது நடந்தது, இல்லையா?

இல்லை. அசூர் பேரரசானது பிற்பாடு. அந்தப் பேரரசின் நினிவே அரண்மனை, சிங்க வேட்டைச் சிற்பம் எல்லாம் ஆயிரம் வருடத்துக்கும் மேல் பிந்தியவை. இந்தக் காலத்து அசூர் சின்ன ஊர். ராஜா இருந்தார், ஆனால் நகரசபையைக் கேட்காமல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கானேஷில் இவர்கள் உள்ளூர் அரசருக்கு வரி கட்டிப் பிழைத்த வெளியூர்க்காரர்கள். துணியில் நூற்றுக்கு ஐந்து வரி. அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கை அரண்மனை முதலில் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு வழிப்பறியில் சரக்குப் போனால் அரசர் ஈடு தரவேண்டும் என்று உடன்படிக்கை இருந்தது.

கணக்கப்பிள்ளை: வரி என்றால் ஏய்ப்பும் இருந்திருக்குமே?

இருக்காமலா! கள்ளச்சரக்கு கொண்டுபோகவே தனியாக ஒரு ‘ஒடுக்கப் பாதை’ இருந்தது, அந்தப் பெயரிலேயே கடிதங்களில் வருகிறது. எர்ரா என்பவருடைய மகன் அனுப்பிய கள்ளச்சரக்கு பிடிபட்டு, அதைப் பெறவிருந்த பூசுகென் என்ற பெரிய வணிகரை அரண்மனை சிறையில் போட்டது. செய்தியைச் சொல்லும் கடிதம், காவல் பலமாக இருக்கிறது, நீங்கள் எதையும் கடத்தாதீர்கள் என்று மற்றவர்களை எச்சரிக்கிறது.

தறிவீடு: துணி நெய்தது யார்?

ஒரு பகுதி தெற்கே பாபிலோனியாவிலிருந்து வந்தது. மீதி அசூரில் வீட்டுப் பெண்கள் நெய்தது. மேலே சொன்ன பூசுகெனின் மனைவி லமஸ்ஸி எழுதிய கடிதங்கள் எனக்கு மிகப் பிடித்தவை. நெய்து அனுப்பிய துணிக்குக் கணக்குக் கேட்பார், ‘சலிம்அகும் வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது?’ என்றும் கேட்பார். இன்னொரு வணிகர் வக்குர்த்தும் என்ற பெண்ணுக்கு எழுதுகிறார்: துணி மெல்லியதாக இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கம்பளி கூடுதலாகச் சேர், நெசவு நெருக்கமாக இருக்கட்டும், நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம். மெல்லியதாகவும் வேண்டும், கம்பளியும் கூட வேண்டும் என்றால் தறியில் உட்கார்ந்தவர் என்ன நினைத்திருப்பார்? உங்களுக்குத்தான் தெரியும்.

பங்காளி: முதல் எங்கிருந்து? நம் சீட்டு மாதிரியா?

சீட்டைவிடப் பங்குக்கு நெருக்கம். பெயர் ‘நருக்கும்’, அதாவது பை. பலபேர் ஒரு வணிகரின் பையில் தங்கம் போடுவார்கள், அவர் பத்துப் பன்னிரண்டு வருடம் அதைச் சுழற்றுவார். இடையில் உருவினால் லாபத்தில் பங்கு இல்லை.

வேரடிமண்: இவர்கள் தமிழர்களா ஐயா?

இல்லை. அக்காடிய மொழியின் ஒரு வழக்கைப் பேசியவர்கள், அது அரபுக்கும் எபிரேயத்துக்கும் உறவு. அடுத்த கேள்வி.

மணல்மேடு: இவர்கள் வழியாகத்தானே மெசபடோமியப் பண்பாடு அங்கே பரவியது?

வணிகர் போன இடமெல்லாம் பண்பாடு பரவும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது எனக்கும் நினைவிருக்கிறது. கானேஷ் அதற்குச் சரியாக ஒத்துவரவில்லை. வீடுகள் உள்ளூர்ப் பாணி, பானை சட்டி உள்ளூர்ச் சரக்கு. பலகைகளை எடுத்துவிட்டால் அங்கே அசூர்க்காரர் வாழ்ந்தார்கள் என்றே சொல்ல முடியாது. ஊரில் ஒரு மனைவி, கானேஷில் உள்ளூர்க்காரி ஒரு மனைவி என்று வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த வீட்டு அடுப்பில் யார் சமையல் நடந்திருக்கும்?

எழுத்தைப் பாருங்கள். ஈரக் களிமண்ணில் ஆப்பு ஆப்பாகக் குத்தி எழுதும் ஆப்பெழுத்து. உள்ளூர்க்காரர்களும் அதைக் கற்று எழுதினார்கள். ஆனால் வணிகம் ஓய்ந்ததும் அந்த எழுத்தும் போய்விட்டது. பின்னால் அதே பகுதியில் பேரரசு கண்ட ஹிட்டைட்டுகள் தங்கள் ஆப்பெழுத்தை வட சிரியா வழியாக எடுத்தார்கள், இவர்களிடமிருந்து அல்ல. ஆனாலும் அவர்கள் தங்கள் மொழியைச் சொன்ன பெயர் ‘நேசிலி’, நேசா ஊர் மொழி. நேசா என்பது கானேஷேதான். அந்த மொழிச் சொற்கள் சில அசூர்க்காரர் கணக்கில் புகுந்துவிட்டன. ‘இஷ்கியுல்லும்’ என்றால் ஒப்பந்தம். நேசிலி, சமஸ்கிருதமும் ஆங்கிலமும் சேர்ந்த இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மொழி. அந்தக் குடும்பத்தில் நமக்கு எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சொற்கள் இவைதான். கொடுக்கப் போனவர்கள் வாங்கி எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓலைக்கட்டு: களிமண் இத்தனை காலம் எப்படி நின்றது?

கி.மு. 1835 வாக்கில் ஊர் தீப்பற்றி எரிந்தது. வீடு போனது, பலகை வெந்து கெட்டியானது. கடன் பத்திரத்தைக் களிமண் உறைக்குள் வைத்து, உறைமேல் கடன் வாங்கியவர் தன் உருளை முத்திரையை உருட்டுவார். பணத்தைக் கட்டியதும் பத்திரத்தைத் திருப்பி வாங்கி உடைத்துவிடுவார். உறை உடையாமல் கிடைத்தவையும் உண்டு. அந்தக் கடன்காரர்களில் பலர் இன்னும் கட்டவில்லை என்றுதான் அர்த்தம்.