டிரினிடாடின் தார் ஏரி என்றால் என்ன? அந்தத் தீவில் வேறென்ன பார்க்கலாம்?

தார் ஏரி என்பது இயற்கையாகவே தார் ஊறித் தேங்கிய பள்ளம். கரீபியன் தீவான டிரினிடாடின் தென்மேற்கில், லா பிரேயா என்ற ஊரில், ஏறத்தாழ 100 ஏக்கரில் கிடக்கிறது. 'பிரேயா' என்றாலே ஸ்பானிய மொழியில் தார்தான்.

பூமிக்கடியில் இருக்கும் கச்சா எண்ணெய் பாறை வெடிப்புகள் வழியே மேலே கசிகிறது. அதிலுள்ள லேசான பொருட்கள் ஆவியாகிவிட, களிமண் கலந்த கனமான தார் மட்டும் தங்குகிறது. கருப்பஞ்சாறு கொப்பரையில் சுண்டி வெல்லப்பாகு ஆவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மேற்பரப்பு யானைத் தோல் போலச் சுருங்கியிருக்கும். மடிப்புகளில் மழைநீர் தேங்கும்; கந்தக வாடை அடிக்கும் அந்தக் குட்டைகளில் மக்கள் ஆசையாகக் குளிக்கிறார்கள். தாரை வெட்டியெடுத்த குழியும் மெல்ல மெல்லத் தானாகவே நிரம்பிவிடும்.

1595இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே தன் கப்பல்களின் இடுக்குகளை இந்தத் தாரால்தான் அடைத்தார். தீவு 1797 வரை ஸ்பெயினிடம் இருந்தது. பிறகு பிரிட்டனிடம் போய், 1962இல் விடுதலை பெற்றது. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள், சிலர் மதராஸில். இந்த வரலாறு தெரிந்து போனால், தெருவோரம் பொரித்த ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலை வைத்துத் தரும் 'டபுள்ஸ்' வேறு மாதிரி ருசிக்கும். மாலையில் கரோனி சதுப்பு நிலத்துக்கும் போங்கள். கூடு திரும்பும் செந்நிற அரிவாள்மூக்கன்களால் மரங்களே சிவந்துவிடும்.

ஏரி என்றதும் கால் வைத்தால் மூழ்கிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பகுதி நடக்கும் அளவுக்குக் கெட்டியானது, ஆனால் இளகிய இடங்களும் உண்டு என்பதால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.