தொப்புளைச் சுற்றிப் பதினாலு – கடிதம்

வணக்கம் ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் கண்காட்சி. ‘நவீன மருத்துவத்தை மாற்றிய 10 கண்டுபிடிப்புகள்’ என்று வரிசையாகச் சார்ட் வைக்கப் போகிறோம். அம்மை ஊசி, மயக்க மருந்து, பெனிசிலின் என்று ஒன்பது ஆகிவிட்டது. பத்தாவதாக நீலகிரியோடு தொடர்புள்ள ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். நீங்கள் மலைக்காரர், சொல்லுங்கள். இதெல்லாம் சித்தர்களுக்கு முன்பே தெரியும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அதையும் ஒரு சார்ட்டாக வைக்கலாமா? பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகிற விஷயமாக இல்லாமல் ஊக்கம் தருவதாக இருக்கட்டும்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

சித்தர் சார்ட் வேண்டாம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் சொல்கிறேன். அதைப் பெனிசிலினுக்குப் போட்டியாக நிறுத்தி அசிங்கப்படுத்தாதீர்கள். பத்தாவதுக்குச் சிங்கோனா போதும். 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள், அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்குக் கொய்னா எடுத்தார்கள். முடிந்தது.

ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்திருந்தேன். இரண்டு கையிலும் தோலுக்குள் ஒவ்வொரு துளி, 0.1 மில்லி. கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு, அவ்வளவுதான். 28 நாளுக்குள் இன்னும் மூன்று தடவை போக வேண்டும். வெளியே வந்ததும் பையன் போண்டா கேட்டான். எனக்குத்தான் வயிறு கலங்கியது.

என்னை நாய் கடித்தது 1974-இல். ஒன்பது வயது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. அப்பாவுக்கு டீ பேக்டரியில் வேலை. செம்பட்டை நிறத்தில் ஒரு நாய், கெண்டைக்காலைக் கவ்விவிட்டுச் சோலைக்குள் ஓடிவிட்டது. பாட்டி கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கட்டினாள். நான் போட்ட கூச்சல் பேக்டரி வரைக்கும் கேட்டதாம். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்ப்பார்கள். அது நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம். என் நாயைக் காணோம். ஆக முழுக் கணக்கு. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று. அப்பா தினமும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஏழாவது நாளுக்கு மேல் வயிற்றில் வீங்காத இடம் தேடித்தான் குத்தினார்கள். கம்பவுண்டர் ஒருவர், “ஆம்பளப் பையன் அழலாமா?” என்பார். அந்த ஆளை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த ஊசிக்குள் இருந்தது என்ன தெரியுமா? ஆட்டு மூளை. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தில் கொன்று கரைசலாக்குவது. டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911-இல் இமாசலத்துக் கசௌலியில் உருவாக்கிய முறை. ஏற்ற வேண்டிய அளவு அதிகம், அதனால் இடம் தாராளமாக உள்ள வயிறு. ஆட்டு நரம்பு உள்ளே போனால், சிலர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி அதற்கும் சொந்த நரம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் தாக்கிவிடும். இந்த ஊசியால் கைகால் விழுந்தவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. மருத்துவர்களுக்கு இது தெரியும். தெரிந்தேதான் போட்டார்கள், வெறிநோய் வந்துவிட்டால் சாவுதானே.

உங்கள் சார்ட்டில் இது எங்கே வரும்? வராது. ‘1885, லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடித் தடுப்பூசி’ என்று ஒரு வரி வரும். தாடி வைத்த படம் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தடவியிருப்பீர்கள். இதைத்தான் நான் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்த வருஷத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது நம் தெருவுக்கு வந்து சேர்ந்த வருஷத்தைச் சொல்வதே இல்லை.

1885 ஜூலை 6, ஜோசப் மெய்ஸ்டர், அவனுக்கும் ஒன்பது வயது. பாஸ்டர் மருத்துவர் அல்ல, அதனால் ஊசியைப் போட்டது வேறொரு டாக்டர். உலர்த்திய முயல் தண்டுவடம், 13 ஊசி, பையன் பிழைத்தான். உலகமே கொண்டாடியது, சரி. வெறிநாய் கடித்த எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை என்பதால், ஊசி போடாவிட்டால் அவன் செத்திருப்பானா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அதுவும் போகட்டும். அதற்கு 17 வருஷம் கழித்து, 1902-இல், தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் நாய்க்கடியால் இறந்தார். பாரிஸில் மருந்து இருந்தது, கசௌலியிலும் 1900-இல் வந்துவிட்டது. இங்கே இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால் லைன் வீட்டுக்காரனை யார் கணக்கில் வைத்திருப்பார்கள்? அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவிடம் தந்திருந்த நன்கொடையில் ஒரு பங்கைக் கொண்டு, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறந்தார்கள். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிறது. பிள்ளைகளைப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறீர்கள் அல்லவா? ஒரு தடவையாவது எதிர்ப்பக்கம் கையை நீட்டிக் காட்டியிருக்கிறீர்களா?

மனித செல்லில் வளர்த்த நல்ல தடுப்பூசி 1970களிலேயே வந்துவிட்டது. ஈரானில் வெறிநாயும் வெறிபிடித்த ஓநாயும் கடித்த 45 பேருக்குப் போட்டார்கள், 45 பேரும் பிழைத்தார்கள். 1976-இல் அந்த முடிவு அச்சில் வந்தது. வயிறும் வேண்டாம், பதினாலும் வேண்டாம். இந்தியாவில் ஆட்டு மூளை ஊசியை எப்போது நிறுத்தினோம்? 2004 கடைசியில். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமலா இருந்தது? புது ஊசி விலை அதிகம். காசு இருந்தவர்கள் கையில் போட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போட்ட துளி ஊசி இருக்கிறதே, அது புது மருந்துகூட இல்லை. இருக்கிற மருந்தையே சதைக்குள் முழுசாகப் போடாமல் தோலுக்குள் துளியாகப் போட்டால் போதும், ஒரு குப்பியைப் பல பேருக்குப் பங்கு வைக்கலாம் என்று தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்து மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். இங்கே 2006-இல் அனுமதி கிடைத்தது. வீட்டில் மாமியார் குழம்பில் தண்ணீர் விட்டுப் பந்தியைச் சமாளிப்பாளே, அந்த மூளை. என்னைக் கேட்டால் இதற்கு ஒரு தனிச் சார்ட் வைப்பேன்.

அப்புறம் அந்தக் கடைசி வரி, மனம் சோர்ந்துபோகும் என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அழுகிற வயசும் உண்டு, கேட்கிற வயசும் உண்டு. நீங்கள் நல்ல டீச்சர்தான், இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவனுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதமாட்டீர்கள். அந்த நல்ல மனசுதான் பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வைக்கிறது. ஆட்டு மூளையை எழுதுங்கள். கடிவாயைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவச் சொல்வதையும் எழுதுங்கள். அதை எங்கள் பாட்டியிடம் யாராவது சொல்லியிருந்தால் மிளகாய்ப்பொடி அடுக்களையிலேயே இருந்திருக்கும்.

அந்த நாயைச் சொல்ல மறந்துவிட்டேன். கடைசி ஊசி போட்டுத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறோம். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் செம்பட்டையாக வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அதே நாய். வலது காதில் அதே கிழிசல். கடித்துப் பதினைந்து நாள் ஆகியும் உயிரோடு, கொழுகொழுவென்று. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். கடைக்குள் போய் ரெண்டு வர்க்கி வாங்கினார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதை நாய்க்குப் போட்டார்.