பாட்டும் பிழைப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. ஏழு வயதிலிருந்து உள்ளூர் டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். பைரவி அட தாள வர்ணம் வரை முடித்து, நாற்பது கீர்த்தனைகள் பாடம் ஆகியிருக்கின்றன. போட்டிகளில் பரிசுகள் வாங்கியிருக்கிறாள். பாட்டுதான் வாழ்க்கை என்கிறாள். டீச்சரோ, “எனக்குத் தெரிந்ததைக் கொடுத்துவிட்டேன், இனி மெட்ராஸுக்குக் கூட்டிப் போங்கள்” என்கிறார். எங்களுடையது சங்கீதக் குடும்பம் இல்லை. நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன்.

சென்னைக்குக் குடிபெயரத்தான் வேண்டுமா? பிளஸ் டூவுக்குப் பிறகு இசைக் கல்லூரியா, குருவிடம் மட்டும் விடுவதா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா? இன்னொன்று, இரண்டு மாதமாக மேலே பாடும்போது அவளுக்குக் குரல் கம்முகிறது. பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்துப் பார்த்தோம். அவள் பாடிய வர்ணத்தின் பதிவை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் குரல் நாண் தெரியாது. குழாய் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும், பாடுகிற பெண் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த வயதில் இப்படி வந்தால் முதலில் சந்தேகப்படுவது நாணின் ஓரத்தில் காய்த்துப்போன சிறு தடிப்பை. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு வருவது போலத்தான் இதுவும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஓய்வும் முறையான குரல் பயிற்சியும் கொடுத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். அதுவரை கிசுகிசுப்பாகப் பேசவும் வேண்டாம், அதுவும் நாணுக்குச் சிரமம்தான். அடிக்கடி தொண்டையைச் செருமுவது அதைவிடக் கெடுதல். காலையில் கரகரப்பு அதிகமாக இருந்து மதியம் தெளிகிறதென்றால் இரவில் வயிற்று அமிலம் மேலேறுகிறதோ என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

பதிவைக் கேட்டேன். நல்ல குரல், நல்ல தாளக்கட்டு. ஆனால் 5½ கட்டையில் (கட்டை என்பது ஸட்ஜத்தை வைக்கும் சுருதியின் உயரம்) பாடுகிறாள், எனக்குப் பட்டவரை சிக்கல் அங்கேதான். மத்திய (நடு) ஸ்தாயியில் தளர்வாக, முழுமையாக இருக்கிற குரல், தார (மேல்) ரிஷபத்திலேயே இறுகத் தொடங்குகிறது. தார காந்தாரத்தைத் தொடும் இடங்களில் ‘ஆ’ என்பது நெரிந்து ‘ஏ’ பக்கம் போகிறது. கீழே மந்த்ர பஞ்சமத்திலோ சிரமமே இல்லை, இன்னும் இறங்க இடம் மிச்சமிருக்கிறது. வகுப்பில் எல்லாப் பெண்களையும் ஒரே சுருதியில் உட்கார வைத்துப் பாடவைத்திருப்பார்கள். பத்து வயதுக் குரலுக்குப் பொருந்திய கட்டை பதினாறில் பொருந்த வேண்டும் என்பதில்லை. பையன்களுக்குக் குரல் உடைவது ஊருக்கே கேட்கும். பெண்களுக்கும் அந்த வயதில் குரல் மாறுகிறது, சத்தமில்லாமல் மாறுவதால் யாரும் கட்டையை மாற்றுவதில்லை.

மருத்துவர் பாடலாம் என்று சொன்னபிறகு இப்படிச் சோதியுங்கள். மூன்று நாள், காலையும் மாலையும், முதலில் 5 கட்டையிலும் அடுத்து 4½ கட்டையிலும் சுருதிப் பெட்டியை வைத்து மந்த்ர பஞ்சமத்தையும் தார பஞ்சமத்தையும் ‘ஆ’ என்று அகாரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கையுள்ள ஒரு சுற்று. கீழே காற்று கலக்காமல், மேலே தாடை தூக்காமல் எந்தக் கட்டையில் இரண்டும் நிற்கிறதோ அதுதான் அவள் சுருதி. ஒரு நாளை மட்டும் நம்ப வேண்டாம். மாதவிடாய்க்கு முந்தைய ஓரிரு நாளில் சிலருக்கு நாண் லேசாக வீங்கும், அன்று மேல் ஸ்தாயி எந்தக் கட்டையிலும் எட்டாது. கட்டையைக் குறைத்தால் பாட்டில் பிரகாசம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். மேடையில் கேட்பவர்களுக்குக் கட்டை தெரியாது, குரல் இறுகுவதுதான் தெரியும்.

இனி சென்னை. உங்கள் டீச்சர் நேர்மையானவர். தன் எல்லையைத் தானே சொல்லும் ஆசிரியர் அமைவது பாக்கியம். ஆனால் அவர் சொல்லும் மெட்ராஸ் என்பதற்கு ‘ஒரு கச்சேரிப் பாடகரின் பாடாந்தரம்’, அதாவது அவர் வழிவழியாகப் பாடிவரும் முறை என்று பொருள் கொள்ளுங்கள். அதற்கு வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, அதுவும் பிளஸ் டூ வருடத்தில். பதிவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பைரவியின் இரண்டு தைவதங்களையும் சரியான இடத்தில் பாடுகிறாள். நிஷாதம் மட்டும் கீபோர்டு கட்டையை அழுத்தியது போல அசையாமல் நிற்கிறது. ஸ்வரஸ்தானத்தில் தவறில்லை, பைரவி மட்டும் அங்கே இல்லை. தோடி காந்தாரமும் இதே கதைதான்: ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்தால்தான் அது தோடி. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொடுக்க முடியாத விஷயம் இது. ஒருவர் பாட, எதிரே உட்கார்ந்து இருபது முறை வாங்கிப் பாடினால்தான் வரும். அதற்குத்தான் குரு வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரம். திருச்சியும் அதிக தூரமில்லை. முதலில் அங்கே தேடுங்கள். வானொலியில் ஏ கிரேடு வாங்கிய, இன்னும் மேடையில் பாடிக்கொண்டிருக்கிற, வாரம் ஒருமுறை நேரில் முழுதாக இரண்டு மணி நேரம் தரக்கூடிய ஒருவர் கிடைத்தால் சென்னையில் பத்து பேரில் ஒருத்தியாக உட்காருவதைவிட அது மேல். சென்னை குருதான் என்று முடிவானால் ஆன்லைனில் கற்று மாதம் ஒருமுறை நேரில் போய்வரலாம். ஆன்லைன் வகுப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கூப்பிடும் செயலிகள் தம்புரா போல விடாமல் ஒலிக்கும் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும், கூடவே ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வைகளையும் விழுங்கும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, மூல ஒலி அப்படியே போகும்படி அமைப்பில் மாற்றுங்கள். சுருதிப் பெட்டி இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கட்டும். ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து பாட முடியாது, குருவின் தாளத்துக்கும் இவள் தாளத்துக்கும் பொருந்தாது. அதனால் சங்கதிகளை (ஒரே வரியின் மெட்டு மாற்றங்களை) ஆன்லைனில் வாங்கி, தாளத்தோடு கற்பனையாகப் பாடும் நிரவலும் ஸ்வரமும் நேரில் பாடுவது என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த நான்கு வருடமும் போட்டிகளைக் குறையுங்கள். போட்டிக்காக ஆறு நிமிடப் பாட்டு ஒன்றை ஆறு மாதம் மெருகேற்றுவார்கள். கச்சேரிக்கு வேண்டியது வேறு. என் கணக்கில், ஒன்றரை மணி நேரக் கச்சேரிக்குத் தயார் என்று சொல்ல பத்து வர்ணம் இரண்டு காலத்திலும், எண்பது கீர்த்தனைகள் நோட்டைப் பார்க்காமலும் வர வேண்டும். அதில் விளம்ப காலப் (மெதுவான நடைப்) பாட்டுகள் இருபதாவது இருக்க வேண்டும். தோடி, பைரவி, காம்போதி, சங்கராபரணம், கல்யாணி ஐந்துக்கும் ராகத்துக்கு ஆறு உருப்படி சேர்ந்தபிறகு ஆலாபனை தொடங்கட்டும். அவற்றின் சங்கதிகளிலிருந்தே ராகத்தைக் காட்டும் பிடிகளை எடுத்துக்கொள்ளலாம். எழுதிவைத்து மனப்பாடமாகப் பாடும் ஆலாபனையை உடனே கண்டுபிடித்துவிடலாம்: “இன்று பஞ்சமத்திலிருந்து தொடங்கு” என்று சொன்னால் பாட்டு நின்றுவிடும்.

குரல் சரியானபின் சாதகம் (பயிற்சி) நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும், ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் நாற்பது நிமிடம்: மந்த்ர ஸ்தாயியில் நீண்ட கார்வைகள், பிறகு சரளி, ஜண்டை வரிசைகள் அகாரத்தில் மூன்று காலம். மாலையில் ஐம்பது நிமிடம் வர்ணமும் பாடமும். மிச்சம் அரை மணி, வாயைத் திறக்காமல் கேட்பதற்கு. வாரம் ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே சுருதிப் பெட்டியின் ஒலியை நீங்கள் இரண்டு ஆவர்த்தனம் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அவள் ஸட்ஜமும் பெட்டியின் ஸட்ஜமும் சேர்கிறதா என்பது சங்கீதம் தெரியாத உங்களுக்கே கேட்கும்.

சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிவைத்த தெலுங்குப் பாட்டுதான் நம் பிள்ளைகளின் உச்சரிப்பைக் கெடுக்கிறது. நமக்கு ‘ப’ ஒன்றுதான், தெலுங்குக்கு நான்கு. தியாகராஜரின் ஸ்ரீராக பஞ்சரத்னக் கீர்த்தனையில் வரும் ‘மஹானுபாவுலு’வில் உள்ள ‘பா’ அழுத்தி ஒலிக்க வேண்டிய நான்காவது ‘பா’. அதை ‘பாட்டி’யில் வரும் ‘பா’ போலப் பாடினால் தெலுங்கு தெரிந்தவர் காதில் சொல்லே உடையும். எழுத்துக்குமேல் 2, 3, 4 என்று எண் போட்ட புத்தகமே வாங்குங்கள். இரண்டு மாத விடுமுறையில் தெலுங்கு எழுத்தையே கற்றுவிட்டால் இன்னும் நல்லது.

கல்லூரியா குருவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டும், இரண்டும் தருவது வேறு வேறு. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. கோவை, திருவையாறு, சென்னையிலும் உண்டு. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய இசைக் கல்லூரி இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே லட்சணமும் (இசை இலக்கணமும்) வரலாறும் தாளமும் ஒழுங்காகக் கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். கச்சேரி வித்வத்தை வகுப்பறை மட்டும் தராது. இருபது பேர் உட்கார்ந்த அறையில் ஒருத்தியின் நிஷாதத்தைத் திருத்த நேரம் ஏது? பட்டம் பிழைப்புக்கு, பாடாந்தரம் பாட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகலையும் நெட் தேர்வும் முடித்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு நாட்டமே இல்லை என்றால் வேறு பட்டம் படித்துவிட்டு குருவிடம் பாட்டைத் தொடரட்டும், அதில் குறைவொன்றும் இல்லை.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இளம் பாடகர்களுக்குக் கிடைப்பது டிசம்பர் சீசனின் மதியக் கச்சேரிகள். அனுமதி இலவசம், முன்வரிசையில் பாட்டியின் தோழிகள். பாடுபவர், வயலின், மிருதங்கம், கடமோ கஞ்சிராவோ, தம்புரா என்று மேடையில் ஐந்து பேர். சபா தரும் சன்மானம் பக்கவாத்தியக்காரர்களுக்கே பல நேரம் போதாது, மீதியும் பயணச் செலவும் உங்கள் பையிலிருந்துதான். வாய்ப்புத் தருகிறோம், நன்கொடை கொடுங்கள் என்று கேட்கிற இடங்களும் உண்டு. அங்கே போகாதீர்கள். பணம் கொடுத்துப் பாடிய மேடையைப் பார்த்து யாரும் அடுத்த கச்சேரிக்கு அழைப்பதில்லை.

ஆகவே முப்பது வயது வரை வீட்டு வாடகையைக் கச்சேரி கொடுக்கும் என்று எண்ண வேண்டாம். சம்பள வேலை சங்கீதத்துக்குப் பகை என்கிற பேச்சையும் நம்ப வேண்டாம். 1949-இல் சென்னையில் அரசு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்தார். திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியில் செம்மங்குடி சீனிவாச ஐயர் முதல்வராக இருந்தார், அவருக்குப் பிறகு ஜி.என். பாலசுப்பிரமணியம். மேடையில் உச்சத்தைத் தொட்டவர்களே மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தும் வாழலாம். ஆனால் பாட்டு வகுப்பு எடுப்பது குரலைத் தேய்க்கும் வேலை, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பலரும் நினைத்துப் பார்க்காத வழி ஓதுவார் பணி. பண்ணோடு தேவாரம் கற்றால் கோயிலில் நிலையான வேலைக்கு வாய்ப்புண்டு, இப்போது பெண் ஓதுவார்களையும் நியமிக்கிறார்கள். மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் பதிகம் பாடியவளுக்கு அதற்கு இணையான நீலாம்பரி ராகம் ஏற்கெனவே தொண்டையில் இருக்கும், கர்நாடக சங்கீதத்துக்கும் அது லாபம்தான்.

உதவித்தொகையில் 10 முதல் 14 வயது வரையிலான மத்திய அரசுத் திட்டம் அவளுக்குக் கடந்துவிட்டது. 18 முதல் 25 வயது வரை இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் தரும் திட்டம் ஒன்று உண்டு: மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ ஏற்கெனவே பல வருடம் கற்றவராக இருக்க வேண்டும். அதனால் குருவை இப்போதே அமர்த்திக்கொள்ளுங்கள்.

மேடைக்கு முன்னால் வானொலியின் குரல் தேர்வு. உங்களுக்கு மதுரை நிலையம். பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரப் படிகள். தேர்வுக்குத் தரும் ராகப் பட்டியலை நீட்டி முழக்க வேண்டாம், ஆசைக்கு எழுதிய ஒரு ராகத்தைக் கேட்டுவிட்டால் அங்கே தடுமாற்றம்தான். குறைவாக எழுதி, எழுதியதை எந்த இடத்தில் கேட்டாலும் பாடத் தெரிந்திருக்க வேண்டும். பி கிரேடு வாங்கினாலே உள்ளூர் சபாக்காரர்களுக்கு உங்கள் பெண்ணை அறிமுகப்படுத்தும் வேலை பாதி குறையும். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பாடவும் விண்ணப்பிக்கலாம். சில நிமிடம்தான் தருவார்கள், அதற்குள் சுருதி சேர்ந்து முதல் வரியிலேயே குரல் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் வேறு எங்கும் கிடைக்காது.

புது குருவிடம் முதல் நாள் போகும்போது டீச்சரையும் அழைத்துப் போங்கள், அவர் கையால் ஒப்படைக்கட்டும். நாற்பது கீர்த்தனைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். அந்த நாற்பதையும் புதுப் பாடாந்தரத்துக்கு மாற்ற முயல வேண்டாம். பழைய சங்கதியும் புதியதும் நாக்கில் மோதும், மேடையில் எது வரும் என்று அவளுக்கே தெரியாது. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, குரு புதுப் பாட்டிலிருந்து தொடங்கட்டும். மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.