கணவருக்கு இலவச வக்கீல்: அதை நிறுத்த முடியுமா?

கேள்வி: டர்பன் ரீஜனல் கோர்ட்டில் எங்கள் விவாகரத்து வழக்கு நடக்கிறது. கணவர் வேலையில்லை என்று சொல்லி லீகல் எய்ட் வக்கீலை வைத்திருக்கிறார். சாட்ஸ்வர்த்தில் தம்பி பெயரில் அவர் பேனல்பீட்டிங் (கார் ஒடுக்கு எடுக்கும்) பட்டறை நடத்துவது ஊருக்கே தெரியும். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் கடன் வாங்கித்தான் வக்கீலுக்குக் கொடுக்கிறேன். அந்த உதவியை நிறுத்த என்ன செய்யவேண்டும்? எங்கள் 9 வயது மகளுக்கும் லீகல் எய்டிலிருந்து ஒரு வக்கீல் வந்திருக்கிறார். அவரும் கணவருடைய ஆள்தானா?

பதில்: சகோதரி, கணவருக்குக் கிடைத்த உதவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா என்ற அரசு சட்ட உதவி நிறுவனம் எடுக்கும் முடிவு. அதில் நீங்கள் கட்சிக்காரர் இல்லை. ஆனால் தகவல் கொடுக்க உங்களுக்குத் தடையில்லை. பொய்க் கணக்குக் காட்டி உதவி பெறுவது 2014-ம் ஆண்டின் 39-ம் எண் சட்டப்படி குற்றம்.

தகவல் கொடுப்பதென்றால் ஒழுங்காகக் கொடுங்கள். கணவரின் முழுப்பெயர், ஐ.டி. எண், வழக்கு எண் மூன்றும் முதல் வரிகளில் வரட்டும். நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் தேதியோடு அஃபிடவிட்டாக எழுதி, போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. "ஊருக்கே தெரியும்" என்பது சாட்சியம் ஆகாது. அவர் கையெழுத்தில் எழுதிய கொட்டேஷன், அவருடைய செல் எண்ணோடு வந்த விளம்பரம், பம்பர் வேலைக்கு வாடிக்கையாளர் தம்பியின் கணக்குக்குப் பணம் அனுப்பிய ரசீது, இவைதான் பேசும். நகல்களை இணைத்து, உதவி கொடுத்த கிளை அலுவலகத் தலைவர் பெயருக்கு உங்கள் வக்கீல் மூலம் அனுப்புங்கள். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். லீகல் எய்ட் வக்கீலும் தன் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கவேண்டியவர்தான். விண்ணப்பதாரர் கொடுத்த தாள்களை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள்; ரொக்கமாகப் புழங்கும் பட்டறை அந்தத் தாள்களில் எங்கே தெரியப்போகிறது? இந்த ஓட்டை பல காலமாகத் தெரிந்ததுதான். அடைப்பாரைத்தான் காணோம்.

இங்கேதான் ஏஜென்ட்கள் நுழைகிறார்கள். "லீகல் எய்ட் ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கிறது, இவ்வளவு ரேண்ட் கொடுங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்று கோர்ட் வாசலில் யார் சொன்னாலும் ஒரு சதம் கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகக் கோர்ட் பத்திரம் எழுத, 2014-ம் ஆண்டின் 28-ம் எண் சட்டத்தின் 33-ம் பிரிவுப்படி, பதிவுபெற்ற வக்கீலுக்கு மட்டுமே உரிமை. வக்கீல் என்று சொல்பவரிடமும் நடப்பு ஆண்டின் ஃபிடெலிட்டி ஃபண்ட் (கட்சிக்காரர் பணத்துக்கான பாதுகாப்பு நிதி) சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். இன்னொரு கூட்டம் "பேங்கில் தெரிந்தவரை வைத்து அவர் ஸ்டேட்மென்ட்டை எடுத்துத் தருகிறோம்" என்று வரும். அது சட்டவிரோதம்; அப்புறம் கோர்ட்டில் குற்றவாளிபோல் நிற்பது நீங்கள்தான். கணவரிடமே "சமாதானத்துக்கு வராவிட்டால் லீகல் எய்டுக்கு எழுதிவிடுவேன்" என்று வாட்ஸ்அப்பில் மிரட்டவும் வேண்டாம். அந்தச் செய்தி நாளைக்கு உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

உதவி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். அவருடைய வக்கீல் விலகல் நோட்டீஸ் கொடுப்பார். கணவர் புது வக்கீல் தேட அவகாசம் கேட்பார், விசாரணை தள்ளிப்போகும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்கள் வக்கீலுக்கு நீங்கள் கட்டவேண்டும். ஏற்கெனவே வாய்தாவிலேயே வருடங்களைத் தின்கிற கோர்ட் இது.

அதே ரசீதுகளை உங்கள் வழக்கில் வையுங்கள். அங்கேதான் அவற்றுக்குப் பலன். மாஜிஸ்திரேட் கோர்ட் விதி 58-இன்கீழ் மகளுக்கு இடைக்கால மெயின்டனன்ஸும் (பராமரிப்புத் தொகை), உங்கள் வழக்குச் செலவுக்கு அவர் பங்கும் சேர்த்துக் கேட்கலாம். மனு கிடைத்த 10 கோர்ட் நாட்களுக்குள் அவர் சத்தியம் செய்து பதில் போடவேண்டும். வருமானமே இல்லை என்று அதில் எழுதினால் பட்டறை ரசீதுகளுக்கு விளக்கம் சொல்லியாகவேண்டும்; இருக்கிறது என்றால் லீகல் எய்டிடம் சொன்னது பொய்யாகும். இரு தரப்பும் எழுத்துவாதங்களைத் தாக்கல் செய்து முடித்ததும் டிஸ்கவரி நோட்டீஸ் கொடுங்கள். 20 நாட்களில் தன்னிடமுள்ள ஆவணங்களை அவர் சத்தியத்தோடு பட்டியலிடவேண்டும். தம்பியின் பேங்க் கணக்கு வேண்டுமானால் சப்பீனா (ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் கோர்ட் உத்தரவு) வழியாகக் கேட்கலாம்.

செலவுத் தீர்ப்பு (ஒரு தரப்பின் வழக்குச் செலவை மறு தரப்பு கட்டவேண்டும் என்ற உத்தரவு): லீகல் எய்ட் இருப்பதால் கணவர் அதிலிருந்து தப்பமுடியாது. ஆனால் அவர்மேல் தீர்ப்பு வந்தால் பொதுவாக லீகல் எய்ட் அந்தப் பணத்தைக் கட்டாது, அவரிடம்தான் வசூலிக்கவேண்டும். விவாகரத்துச் சட்டத்தின் 10-ம் பிரிவில் இருவரின் வசதியையும் நடத்தையையும் பார்த்துத்தான் கோர்ட் செலவை முடிவுசெய்யும். ஜெயித்தவருக்குத் தானாகக் கிடைக்காது. உங்கள்மேல் தீர்ப்பு வந்தால் அந்தத் தொகை லீகல் எய்டுக்குச் சேரும். ஆகவே "செலவை விட்டுவிடுகிறேன்" என்று கணவர் வாயால் சொன்னதை நம்பாதீர்கள். இரு வக்கீல்களும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் அது எழுத்தில் வரட்டும்.

மகளுக்கு வந்த வக்கீல் விஷயம் முற்றிலும் வேறு, இதை நிதானமாகப் படியுங்கள். அவர் கணவருடைய ஆள் இல்லை. அரசியலமைப்பின் 28(1)(எச்) பிரிவு, கடும் அநீதி நேரக்கூடிய சிவில் வழக்கில் குழந்தைக்கு அரசுச் செலவில் தனி வக்கீல் கிடைக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உதவி குழந்தைக்கு உரியது. கணவரின் வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவருடைய உதவி நின்றாலும் மகளுடையது நிற்காது. இந்த வக்கீலையும் சேர்த்துப் புகார் எழுதிவிடாதீர்கள். மகள் சொல்வதைக் கோர்ட்டுக்குக் கொண்டுசேர்ப்பவர் அவர். மகளை அவரிடம் தனியாகப் பேச விடுங்கள்; முந்தின ராத்திரி "இப்படிச் சொல், அப்படிச் சொல்" என்று பாடம் நடத்தாதீர்கள். 9 வயதுப் பிள்ளை ஒப்பிப்பது அவருக்கு உடனே புரிந்துவிடும், பிள்ளைகளின் நலனை விசாரித்துக் கோர்ட்டுக்குச் சொல்லும் ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்துக்கும் புரியும். ஒரே நிறுவனம் தந்தைக்கும் மகளுக்கும் வக்கீல் கொடுத்திருப்பதில் முரண்பாடு தெரிந்தால், மகளின் வழக்கை வெளி வக்கீலிடம் ஒப்படைக்கும்படி உங்கள் வக்கீல் கடிதம் எழுதலாம். அது நியாயமான கோரிக்கை.

கடன் வாங்குவதற்கு முன் நீங்களும் லீகல் எய்டுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். ஒரு தரப்புக்கு உதவி கொடுத்ததால் மறு தரப்புக்குக் கதவு அடைபடாது. கணவர் எதிர்த்தரப்பு என்பதால் அவர் வருமானத்தை உங்கள் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கட்டணமில்லா எண் 0800 110 110. சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், சம்மன் நகல், வாடகை ரசீது கையில் இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேல்முறையீடு செய்யுங்கள்.