சோபாவில் ஏறிய சப்-வூஃபர்

வாசகர் கேள்வி பதில்
(பதில்: உச்சிப்புளியில் முப்பது வருடமாக மைக்செட்டும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ரிப்பேரும் பார்த்துவரும் பட்டறைக்காரர்)

கே: வாப்பா 1990களில் சவுதியிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ ஆம்ப் இன்னும் நன்றாகப் பாடுகிறது. ஸ்பீக்கர் இரண்டும் 5 அங்குலம். தவில் அடித்தால் தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்கிறது. அடிக்கனத்துக்கென்றே (பாஸ்) இருக்கும் சப்-வூஃபர் பெட்டி ஒன்று சேர்க்க ஆசை. ஆம்பின் பின்னால் அதற்கு ஒயர் எடுக்கும் ‘சப் அவுட்’ இல்லை. ஹால் 20 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? எங்கே வைப்பது?
– ஒரு வாசகர், கீழக்கரை

ப: இத்தனை வருடம் புகையாமல் ஓடுகிறது என்றால் உங்கள் வாப்பா விவரமானவர். சவுதியில் அப்போது பல வீடுகளில் 127 வோல்ட்தான். ஊருக்கு வந்ததும் பின்பக்க ஸ்விட்சை 220-க்குத் திருப்ப மறந்து, சொருகிய நொடியில் கருகிய செட்டுகளை என் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சப் அவுட் இல்லாதது ஒரு குறையே இல்லை. ‘ஹை லெவல் இன்புட்’ உள்ள சப்-வூஃபராகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயர் இழுத்து அதில் கொடுத்தால் முடிந்தது. சப்புக்குள் தனி ஆம்ப் இருப்பதால் உங்கள் ஆம்புக்குச் சுமை ஏறாது. அந்த வசதி இல்லாத சப் என்றால் கார் ஆடியோ கடையில் ‘ஹை-லோ கன்வர்ட்டர்’ என்று கேளுங்கள். இரண்டு தப்பு மட்டும் செய்ய வேண்டாம். சொந்த ஆம்ப் இல்லாத வெறும் வூஃபர் பெட்டியை ஸ்பீக்கரோடு சேர்த்துக் கட்டினால், 8 ஓம் 4 ஓம் ஆகி, வாப்பாவின் ஆம்ப் சூடேறிப் படுத்துவிடும். ‘டேப் அவுட்’டிலிருந்து எடுத்தால் நீங்கள் வால்யூமைக் குறைத்தாலும் சப் மட்டும் அதே சத்தத்தில் முழங்கிக்கொண்டிருக்கும். வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிற லைன் அது.

இனி உங்கள் ஹால். 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) பாஸின் ஓர் அலை எட்டரை மீட்டர், 28 அடி நீளம். அது உங்கள் 20 அடி ஹாலுக்குள் அடங்காமல் சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பும். திரும்புகிற அலையும் போகிற அலையும் சேர்ந்து சில இடத்தில் வீங்கும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் நீளவாக்கில் 28, அகலவாக்கில் 41, உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே தூக்கிக் கொடுக்கும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பியும் 41 ஹெர்ட்ஸ்தான். அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் வீடே கும்மென்று நிறையும், அடுத்த சுரம் வந்தது தெரியாது. கடைக்காரரிடம் போனால் சப் சரியில்லை என்பார், வேறு ஒன்று விற்பார்.

நடு ஹாலில் சோபா போட்டிருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். நான் சொன்ன மூன்றில் நீள, அகல அலைகள் இரண்டும் நடுவில்தான் செத்துக் கிடக்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தாலும் வீக்கம் அதிகம். இரண்டுக்கும் இடையில் எங்காவது உட்காருங்கள்.

சப்பின் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் சோபாவில் சப்பை ஏற்றி வையுங்கள். பாஸ் வரிசையாக ஏறி இறங்குகிற பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ, அதுதான் சப்புக்கு இடம். கேட்கிற இடத்தையும் ஒலிக்கிற இடத்தையும் மாற்றிப் போட்டாலும் அறை ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். என் வீட்டில் இப்படித் தவழ்ந்துகொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்று, “மாப்புள்ள எதைத் தொலைச்சிட்டுத் தேடுறாக?” என்று மகளிடம் கேட்டார். எனக்குச் சரியான இடம் அரிசி டிரம்முக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிடைத்தது. டிரம்மை நகர்த்த ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது.

இடம் கிடைத்ததும் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழுள்ள ஒலி சப்புக்குப் போகும் என்று பிரிக்கும் குமிழ்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 5 அங்குல ஸ்பீக்கருக்கு அதற்குக் கீழே மூச்சு வாங்கும். 80-க்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் குரலின் அடிப்பகுதி சப்பிலிருந்து வர ஆரம்பிக்கும், பாடுகிறவர் மூலையில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். அடுத்து ‘ஃபேஸ்’ (phase) ஸ்விட்ச், சப்பும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளும்படி சரிசெய்வது. வீட்டில் யாரையாவது அதை 0-வுக்கும் 180-க்கும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் சோபாவில் இருங்கள். எதில் பாஸ் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. கடைசியாக வால்யூம். சப் ஓடுவது தெரியும் வரை கூட்டி, பிறகு ஒரு சிட்டிகை குறைத்துவிடுங்கள். அணைத்தால்தான் அது இருந்தது தெரிய வேண்டும்.

ஒன்றா, இரண்டா? ஒரு பெரிய 12 அங்குலத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரே மாதிரி இரண்டு சின்னது வாங்கிவிடலாம் என்றால் நான் இரண்டின் பக்கம். சத்தத்துக்காகச் சொல்லவில்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஆளுக்கொன்றாக வைத்தால், அந்த இரண்டு சுவருக்கும் இடையே ஆடுகிற முதல் வீக்கம் அடங்கிவிடும். உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் ஊஞ்சல் உண்டே, முன்னாலிருந்து ஒருவரும் பின்னாலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் தள்ளினால் அது ஆடுமா? அது போலத்தான். இப்போதைக்கு ஒன்றை வாங்கி, இடம் பார்த்து, மூன்று மாதம் கேளுங்கள். அதன் பிறகும் அரித்தால் இரண்டாவது.

கே: கான்கிரீட் வீட்டில் கும்மென்று இருந்த சப், தோப்பில் போட்ட ஓலைக் கொட்டகையில் செத்துப்போகிறது. ரிப்பேரா?
– ஒரு வாசகர், வேதாளை

ப: ரிப்பேர் இல்லை. கான்கிரீட் சுவர் பாஸைத் திருப்பி அனுப்பும். ஓலை அனுப்பாது, கடலுக்கே தாரை வார்த்துவிடும். கொட்டகையில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் இறங்கும், முட்டுக் கொடுக்கச் சுவர் கிடையாது. சப்பைக் கிட்டே கொண்டுவந்து தரையில் வையுங்கள்.

கே: ஐந்து வருடம் கூட ஆகவில்லை. வூஃபரின் விளிம்பு விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. பின்னால் ஒயர் சொருகும் இடமெல்லாம் பச்சை. இந்த ஊரில் நல்ல செட் வாங்குவதே வீண்தானா அண்ணே?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

ப: வீண் இல்லை தங்கச்சி, தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. உதிர்ந்தது ஃபோம் விளிம்பு. ஈரக்காற்றில் ஃபோம் தானாகவே மக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். அடுத்த முறை விளிம்பை விரலால் அமுக்கிப் பாருங்கள். ரப்பர் என்றால் வழவழப்பாக, கனமாக இருக்கும். அதை வாங்குங்கள். இப்போதுள்ளதைத் தூக்கி எறிய வேண்டாம். கோனும் (முன்னால் அசையும் கூம்பு) காயிலும் (அதன் பின்னால் உள்ள கம்பிச்சுருள்) நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றிவிடலாம். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அமுக்குங்கள், உரசும் சத்தம் வராமல் போய் வந்தால் காயில் பிழைத்திருக்கிறது.

பச்சைக் களிம்பு செம்பு ஒயரில் உப்பு செய்கிற வேலை. படகில் ஒயரிங் பார்ப்பவர்களைக் கேளுங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வைத்திருப்பார்கள். நான் பத்து வருடமாக வீட்டு ஸ்பீக்கருக்கும் அதைத்தான் போடுகிறேன். நுனியை வெட்டிப் புதுக் கம்பி தெரியச் சீவி, இறுக்கி முறுக்கி மாட்டுங்கள். உங்கள் தீவில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வாடையில் வடகடல். எந்தக் கடலைப் பார்த்து உங்கள் ஜன்னல் இருக்கிறதோ அந்தப் பருவத்தில் செட்டை அதற்கு நேரே வைக்காதீர்கள். துணி போட்டு மூடினால் மட்டும் போதாது, தினமும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே ஏறும் சூடுதான் ஈரத்தை விரட்டும். பூட்டி வைத்த செட்டுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன.

கே: “அந்தக் காலத்துல சின்ன ரேடியோவிலேயே எல்லாம் கேட்டுச்சு, உனக்கு எதுக்கு சப்?” என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

ப: அப்பா பாதி சரி. நம் கரையில் அப்போது இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு போலக் கேட்கும். நானும் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில்தான் பாட்டுக் கற்றேன். அந்த ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸ் கூடத் தர முடியாது. ஆனால் ஒரு சுரத்தின் அடி மட்டும் காணாமல் போய், அதன் இரட்டிப்பும் மும்மடங்கும் காதில் விழுந்தால், இல்லாத அடியை மூளை தானே போட்டுக்கொள்ளும். அப்பா கேட்டது பொய்யில்லை. நெஞ்சில் வந்து இடிப்பதை மட்டும் மூளையால் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு நாள் சாயங்காலம் அவரை உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சப்பை அணையுங்கள். எங்கள் வீட்டில் அத்தோடு பேச்சு நின்றது.

கே: அசெம்பிள் செட் அட்டையில் ‘1,000 வாட்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர், சாயல்குடி

ப: மூடியைக் கழற்றி டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்றால் இரண்டு 12-உம் சேர்ந்த 24 வோல்ட்டை 5-ஆல் பெருக்குங்கள். 120 வருகிறது. சுவரிலிருந்து எடுப்பதே அவ்வளவுதான். மிச்சம் 880 அட்டையில் இருக்கிறது.

கே: சப் இணைத்த நாளிலிருந்து பாட்டு இல்லாதபோதும் ‘உம்ம்’ என்று இரைகிறது. சப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டினால் நின்றுவிடும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், தொண்டி

ப: நிற்கும். ஏதாவது ஒயர் உள்ளே பாடியில் பட்ட அன்றைக்கு, பெட்டியைத் தொட்டவரின் மூச்சும் நிற்கும். வெட்டவே வேண்டாம். ஆம்பையும் சப்பையும் வேறு வேறு பிளக் பாயிண்டில் சொருகியிருப்பீர்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடுகிற மின்சாரம்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். இரண்டையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள். நிற்காவிட்டால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், பல வீட்டில் திருடன் அதுதான். அப்படியும் இரைந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைக் காட்டுங்கள். நம் உப்பு மண்ணில் கம்பி சீக்கிரம் அரித்துவிடும். குழி போட்டு எத்தனை வருடமாயிற்று என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.