எம்ஐடி போன்ற ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின வரலாற்றை ஆவணப்படுத்த என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. (குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பது.)

அங்கே 1995-ல், அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றிய கிளாரன்ஸ் வில்லியம்ஸ் இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பழைய படங்கள், கடிதங்கள், ஆண்டு மலர்கள் எல்லாம் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியம் அவர் ஆட்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்த நேர்காணல்கள்தான். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் யார் பாஸானார் என்று தெரியும். சாப்பாட்டு மேசையில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்பதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

ராபர்ட் டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர், 1892-ல், கட்டடக்கலையில். இறுதியாண்டில் அவர் வரைந்தது போர்வீரர்களுக்கான ஒரு இல்லம். பிறகு அலபாமாவின் டஸ்கிகீ கல்லூரிக்குப் போய், மாணவர்களே சுட்ட செங்கலால் கட்டடம் எழுப்பினார். ஷெர்லி ஜாக்சன் எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண், அது 1973-ல். நடுவில் 81 வருஷம்!

எம்ஐடியின் வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. நிறுவனர் வில்லியம் ரோஜர்ஸ் வீட்டில் ஆறு அடிமைகள் இருந்ததாக 1850 மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. வில்லியம்ஸின் திட்டத்தில் இல்லை, எம்ஐடியின் வேறொரு ஆய்வில் 2018-ல் இது வெளியே வந்தது. அந்தக் கணக்கேட்டில் அடிமைகளுக்கு வயதும் பாலினமும் எழுதினார்கள், பெயர் எழுதவில்லை.