வாசகர் கேள்விகள்: இடக்காதில் பேஸ், வலக்காதில் கிட்டார்

அமெரிக்க பங்க் ராக் இசைக்குழுவான ராமோன்ஸின் முதல் ஆல்பம் பற்றி இம்மாதம் ஐந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கே: 1985 வாக்கில் கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவர் ராமோன்ஸின் முதல் ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட டேப் ரிக்கார்டரில் அதைத் தேயத் தேயக் கேட்டேன். சென்ற மாதம் என் மகள் அந்த ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பை எங்கிருந்தோ தேடி வாங்கித் தந்தாள். அதில் ஸ்டீரியோ, மோனோ என இரண்டு வடிவங்கள் உள்ளன. ஸ்டீரியோ எனக்கு அந்நியமாக இருக்கிறது. மோனோதான் நான் அன்று கேட்டது போலத் தோன்றுகிறது. இது வயதின் மயக்கமா?
— மேற்கு மாம்பலம் வாசகர்

ப: மயக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உங்கள் காது சொல்வதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் ஒரு திருத்தம் இருக்கிறது, அதுவே இந்தக் கேள்வியின் சுவையான பகுதி.

ஸ்டீரியோ என்பது இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி ஒலி, மோனோ என்பது எல்லாம் சேர்ந்த ஒரே ஒலி. 1976 ஏப்ரலில் சயர் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பத்தின் ஸ்டீரியோ அமைப்பு விசித்திரமானது. டீ டீயின் பேஸ் கிட்டார் முழுக்க முழுக்க இடப்பக்கம். ஜானியின் கிட்டார் முழுக்க வலப்பக்கம். ஜோயியின் குரலும் டாமியின் டிரம்ஸும் நடுவில். பீட்டில்ஸ் குழுவின் தொடக்கக்கால ஸ்டீரியோ இசைத்தட்டுகளில் இப்படிப் பிரித்து வைக்கும் பழக்கம் இருந்தது. எழுபதுகளின் நடுவில், பல தடங்களில் பதிந்து ஒலிகளை நயமாகப் பரப்பி வைக்கும் காலத்தில், இவர்கள் வேண்டுமென்றே அந்தப் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

இப்போது உங்கள் விடுதி அறைக்கு வருவோம். கேசட் நாடாவில் ஒரு பக்கத்துக்குரிய இடத் தடமும் வலத் தடமும் அடுத்தடுத்து ஒட்டியே இருக்கும். மோனோ டேப் ரிக்கார்டரின் ஒலிமுனை அகலமானது. அது இரண்டு தடங்களையும் சேர்த்தே படித்து ஒரே ஒலியாக வெளியிடும். ஆக, நீங்கள் அன்று கேட்டதும் ஒருவகை மோனோதான். ஆனால் அது தானாகச் சேர்ந்த மோனோ. யாரும் உட்கார்ந்து அளவு பார்த்துக் கலந்தது அன்று. நடுவில் இருக்கும் குரலும் டிரம்ஸும் இரண்டு தடங்களிலும் பதிவாகியிருப்பதால், சேரும்போது அவை இரட்டித்து முன்னே வந்துவிடும். ஒரே ஓரத்தில் நிற்கும் கிட்டாரும் பேஸும் அந்த அளவுக்குப் பின்வாங்கும். பொதுவாக இந்த மாற்றம் 3 டெசிபல் அளவில் இருக்கும், அதாவது காது தவறாமல் கவனிக்கும் அளவில். ஜானியின் கிட்டார் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் ஸ்பீக்கரில் அது சற்றுத் தள்ளி நின்றுதான் ஒலித்திருக்கும்.

2016ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள மோனோ அப்படிப்பட்டதன்று. ஆல்பத்தின் தயாரிப்பாளரான கிரெய்க் லியான், தனித்தனித் தடங்களிலிருந்து மோனோவுக்கென்றே புதிதாகக் கலந்தது அது. ஸ்டீரியோவோடு மோனோ வடிவம் ஒன்றையும் வெளியிடும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது நிறைவேறியது. இதில் கிட்டார் பின்வாங்கவில்லை. பேஸும் கிட்டாரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே சுவராக எதிரே வந்து நிற்கின்றன. ஐயம் இருந்தால் முதல் பாடலை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்: உங்கள் பழைய கேசட்டில் (இன்னும் ஓடுமானால்) குரல் முன்னே இருக்கும், மோனோ பதிப்பில் கிட்டார் முட்டிக்கொண்டு வரும். ஆகவே உங்களுக்குக் கிடைத்திருப்பது நீங்கள் அன்று கேட்டதன் மறுபிறப்பு அன்று. அன்றே கேட்டிருக்க வேண்டிய, ஆனால் அன்று இல்லாத ஒன்று.

பதினான்கு பாடல்களும் சேர்ந்து 29 நிமிடங்கள்தான். உங்கள் நண்பர் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்திருந்தால் முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கும். மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லையே என்பது என் குறை.

கே: ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டும் ஒன்றுதானா? ஒரே ஆல்பத்தை ஐந்தாறு முறை விற்பதற்கான வணிக உத்தி என்று என் அண்ணன் கேலி செய்கிறார்.
— கிண்டி மாணவி

ப: ஒன்றல்ல. ஒலிப்பதிவின்போது குரலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. அவற்றை அளவு பார்த்து, இடம் பார்த்து இரண்டு தடங்களாகச் சேர்ப்பது மிக்ஸிங். அப்படிச் சேர்த்து முடித்த நாடாவை எடுத்து, அதன் தாழொலியையும் மேலொலியையும் சீர்செய்து, இசைத்தட்டுக்கோ குறுந்தகட்டுக்கோ ஏற்றபடி மொத்த ஒலியளவை அமைப்பது மாஸ்டரிங். குழம்பு கொதித்து இறங்கிய பிறகு உப்பும் பெருங்காயமும் சரிபார்க்கலாம். உள்ளே கரைந்த புளியைத் தனியே எடுக்க முடியாது. ரீமாஸ்டர் செய்பவரால் ஜானியின் கிட்டாரை வலப்பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்த்த முடியாது. அதற்கு ரீமிக்ஸ் வேண்டும், மூலத் தடங்கள் வேண்டும். நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் இருக்கின்றன: ஸ்டீரியோ வடிவம் ரீமாஸ்டர், மோனோ வடிவம் புதிய கலவை.

அண்ணனின் கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த பல ரீமாஸ்டர் குறுந்தகடுகளில் நடந்தது, மெல்லிய ஒலியை உயர்த்தி வலிய ஒலியை அழுத்தி எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் நிறுத்தும் வேலைதான். உரக்க ஒலிப்பது எதுவாயினும் முதல்முறை கேட்கும்போது நன்றாக இருப்பதாகவே காதுக்குப் படும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். ஆகவே இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது, உரக்க ஒலிப்பதன் ஒலியளவைக் குறைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேட்க வேண்டும். இந்தச் சிறு வேலையைச் செய்தால், தான் புகழ்ந்த ரீமாஸ்டர்களில் பாதியை உங்கள் அண்ணன் கைவிடுவார், திட்டியவற்றில் சிலவற்றை ஏற்றுக்கொள்வார்.

கே: தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் தினமும் செல்கிறேன். நிலையத்தின் பெயர் காதில் விழ வேண்டும் என்பதற்காக ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்வேன். ஒருநாள் ராமோன்ஸ் பாட்டில் கிட்டாரே கேட்கவில்லை. இயர்போன் பழுதா?
— குரோம்பேட்டை வாசகர்

ப: பழுதில்லை, இடக்காதில் வைத்திருந்தீர்கள். வலத்துக்கு மாற்றினால் கிட்டார் வரும், பேஸ் போய்விடும். கைபேசியின் அமைப்புகளில் மோனோ ஒலி என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் இரண்டும் ஒரே காதுக்கு வரும், முதல் கடிதத்துக்குச் சொன்ன அதே குறையோடு. நண்பரோடு ஒரு ஜோடி இயர்போனைப் பகிர்ந்து கேட்பவராயிருந்தால் எச்சரிக்கை: நீங்கள் இருவரும் ஒரே பாட்டைக் கேட்கவில்லை.

கே: பங்க் இசையின் அழகே அதன் அழுக்குதான். அதைக் கழுவித் துடைத்து வெளியிடுவது முரணாக இல்லையா?
— பெசன்ட் நகர் வாசகர்

ப: அழுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இந்த ஆல்பம் நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த பிளாசா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஏழு நாட்களில், சுமார் 6,400 டாலரில் பதிவானது. வாத்தியங்களுக்கு மூன்று நாள், குரலுக்கு நான்கு நாள். மற்ற ராக் குழுக்கள் மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் கிடந்த அக்காலத்தில் இது சொற்பச் செலவு. ஆனால் சொற்பச் செலவு வேறு, கெட்ட பதிவு வேறு. அது நல்ல கூடம். மைக் வைத்தவர்களுக்குத் தொழில் தெரியும். ஜானி தன் மாஸ்ரைட் கிட்டாரின் தந்திகளை மேலிருந்து கீழாகவே அடித்துக்கொண்டு போகிறார். மேல்நோக்கி ஓர் அடிகூடக் கலக்காத அந்தப் பிடிவாதம்தான் பாட்டின் முரட்டுத்தனம். அது கை செய்யும் வேலை. நாடாவை எவ்வளவு துடைத்தாலும் போகாது.

நாம் அழுக்கு என்று போற்றியதில் பெரும்பகுதி நம் ஊரில் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கேசட்டிலிருந்து ஒரு நகல், நகலிலிருந்து இன்னொரு நகல் என்று கைமாறும்போது ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும், மேலொலி மழுங்கும். டிரம்ஸின் தாளத்தட்டு ஒலி கிட்டத்தட்ட மறைந்தே போகும். எனக்கும் அப்படி ஒரு கேசட் இருந்தது, நெடுநாள் அந்த இரைச்சலையே இசையாக எண்ணியிருந்தேன். ரீமாஸ்டரில் டாமியின் தாளத்தட்டு தெளிவாகக் கேட்டபோது முதலில் எரிச்சலே வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில் அது போய்விட்டது.

கே: அந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்புப் பெட்டியை வாங்கலாமா? இந்த மோனோ வடிவத்துக்கு இசைக்குழுவினர் சம்மதித்தார்களா?
— திருவான்மியூர் வாசகர்

ப: மூன்று குறுந்தகடுகளும் ஓர் இசைத்தட்டும் கொண்ட அந்தப் பெட்டி 19,760 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது, 1976 என்ற ஆண்டோடு ஒரு சுழியைச் சேர்த்திருக்கிறார்கள். இன்று அதற்குச் சொல்லப்படும் விலையைக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மோனோ வடிவத்தை ஒரு தடவையாவது நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், அது போதும். பெட்டியில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பது 1976 ஆகஸ்டில் ஹாலிவுட்டின் ராக்ஸி அரங்கில் பதிவான நிகழ்ச்சிதான். நால்வரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள்.

சம்மதம் கேட்க யாரும் இருக்கவில்லை. ஜோயி 2001இலும், டீ டீ 2002இலும், ஜானி 2004இலும் மறைந்துவிட்டார்கள். அந்த ஆல்பம் அமெரிக்காவில் 5,00,000 பிரதிகள் என்ற அளவை எட்டி கோல்டு சான்றிதழ் பெற்றது 2014 ஏப்ரலில், வெளியாகி 38 ஆண்டுகள் கழித்து. அப்போது நால்வரில் டாமி ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவரும் அந்த ஜூலையில் மறைந்தார்.